இடக்கையை அடக்கக் கற்றுக்கொண்டேன்

பியானோவில் நான் பழகியது, 1839இல் வெளியான இசையமைப்பாளர் ஷோப்பானின் ஓப்பஸ் 28 (படைப்பு எண்), நான்காவது பிரெலூட் என்ற சிறு இசைத்துண்டு. ஈ மைனர் ஸ்கேல், மொத்தமே 25 பார் (தாளப் பகுதிகள்). சுரங்கள் ஒரே வாரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனால் போனில் பதிவு செய்து கேட்டால், இடக்கைக் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சம்மட்டி அடியாக விழ, வலக்கையின் மெல்லிசை (மெலடி) அதில் மூழ்கிக் கிடந்தது.

வலக்கையை இன்னும் அழுத்திப் பார்த்தேன். சத்தம்தான் கூடியது, உருக்கம் வரவில்லை. கோளாறு இடக்கையில் இருந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் விரல்களைக் கட்டைகளை விட்டு எடுக்காமல், கட்டை முழுதாக மேலே வரும் முன்பே மறுபடி அழுத்தப் பழகினேன். கிராண்ட் பியானோவில் இது எளிது; செங்குத்தாக நிற்கும் அப்ரைட் பியானோவில் கட்டை இன்னும் கொஞ்சம் உயர வேண்டும்.

கார்டு மாறும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு சுரங்கள்தான் கீழே இறங்குகின்றன. இறங்கும் சுரத்தை மட்டும் காதால் பின்தொடர்ந்தேன். ஒலியை நீட்டும் கால் பெடலையும் அங்கேதான் மாற்றினேன். இரண்டு வாரம் இடக்கை மட்டும் வாசித்தேன், மெல்லிசையை வாயால் பாடிக்கொண்டே. பாடினால் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது தானாகத் தெரிகிறது, இது எனக்குக் கிடைத்த பெரிய வரம்.

முன்பெல்லாம் ‘ஸ்ட்ரெட்டோ’ (வேகத்தை நெருக்கிக் கூட்டு) என்று குறித்த இடம் வருவதற்குள் பலத்தைத் தீர்த்துவிடுவேன். இப்போது அதுவரை சேமித்து வைக்கிறேன்.