‘மருந்து வெச்சுப்போட்டான்’ என்று சொல்வதற்கு முன்னால்

யாராவது நமக்கு ஒரு கெடுதல் செய்துவிட்டால் முதலில் வாயில் வருவது "அவன் ஆளே சரியில்லை" என்பதுதான். அதை மட்டும் அப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள். மனுசன் பிறவியிலேயே நல்லவனா கெட்டவனா என்பது பெரிய வழக்கு. சீனாவில் மென்சியஸ் என்றொருவர், கிணற்றில் விழப்போகிற குழந்தையைக் கண்டால் எவனுக்கும் நெஞ்சு பதறும், அதனால் மனுசன் இயல்பு நல்லதுதான் என்றார். பின்னால் வந்த சுன்சி, இல்லை, இயல்பு கெட்டதுதான், படிப்பும் பழக்கமும்தான் ஆளைத் திருத்துகின்றன என்றார். இரண்டாயிரம் வருசம் தாண்டியும் தீர்ப்பு வரவில்லை. உங்கள் பொழித் தகராறு, அதாவது வரப்புச் சண்டை, அதுவரைக்கும் காத்திருக்காது.

காங்கேயம் பக்கம் என் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், ஒரு வருசம் மழை ஏமாற்றிவிட்டது, சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வெள்ளாடுகள் உள்ளே புகுந்து மேய்ந்தன. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆடு அங்கேயே விழுந்து செத்தன. அவர் வாசலில் வந்து நின்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: "மருந்து வெச்சுப்போட்டீங்களே மாமா!"

சரி, இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வது?

முதல் வேலை, என்ன நடந்தது என்பதை ஏன் செய்தான் என்பதிலிருந்து பிரிப்பது. கோபத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆடு செத்தது நிஜம். மருந்து, அதாவது விஷம், என்பது அவர் தலைக்குள் எழுதிய கதை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மழையில்லாமல் வாடின இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும், ஆடு மாடு தின்றால் நிமிசத்தில் போய்விடும் என்றார். தள்ளாடிக்கொண்டிருந்த மூன்றாவது ஆட்டை ஊசி போட்டுக் காப்பாற்றினார். ஆக, காரணம் தெரிகிறவரை எண்ணத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

காரணம் தெரிந்ததும் பலபேர் "அப்பாடா, யார் மேலயும் தப்பு இல்லை" என்று எழுந்துபோய்விடுகிறார்கள். அதுவும் தப்பு. அங்கே நின்று கேட்கவேண்டியது மூன்று: வேண்டுமென்றே செய்தானா, நடக்கும் என்று தெரிந்தும் விட்டானா, தெரிந்திருக்க வேண்டியவன் கவனிக்காமல் விட்டானா? சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குப் பிரிவு 103, மரண தண்டனை அல்லது ஆயுள். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் பிரிவு 106, பொதுவாக ஐந்து வருசம் வரைக்கும் சிறை. செத்தவருக்கு இரண்டும் ஒன்றுதான், என்றாலும் தீர்ப்பு ஒன்றாக இருக்க முடியாது.

இதில் சிக்கலானது நடுவில் இருக்கிற கேள்விதான். 2003இல் ஜோஷுவா நோப் என்கிற அமெரிக்கத் தத்துவ ஆய்வாளர் ஒரு கதை சொல்லிப் பார்த்தார். புதுத் திட்டத்தில் லாபம் வரும், ஆனால் சுற்றுச்சூழல் கெடும் என்று கம்பெனித் தலைவரிடம் சொல்கிறார்கள். "அதெல்லாம் எனக்குக் கவலையில்லை, லாபம் வந்தால் போதும்" என்கிறார் அவர். சொன்னபடியே கெடுகிறது. வேண்டுமென்றே கெடுத்தாரா என்று கேட்டால் 82 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். ‘கெடும்’ என்பதை ‘மேம்படும்’ என்று மட்டும் மாற்றி வேறு ஆட்களிடம் கேட்டபோது, வேண்டுமென்றே செய்தார் என்றவர்கள் 23 சதவீதம்தான். எண்ணத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கெட்டது நடந்துவிட்டால் எண்ணத்தையே நாம்தான் உள்ளே வைக்கிறோம். இதை உங்களிடமே சோதித்துப் பாருங்கள்: இதே ஆள் இதே காரியத்தால் எனக்கு நல்லது நடந்திருந்தால் "வேணும்னுதான் செஞ்சான்" என்பேனா?

அதற்காக "நான் நினைச்சுச் செய்யலைங்க" என்றதும் விட்டுவிடவும் முடியாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர் யாரும் ஒரத்துப்பாளையத்தில் பயிர் கருகட்டும் என்று நினைத்துத் தண்ணீரைத் திறந்துவிடவில்லை. ஆனால் நொய்யல் ஆறு என்ன நிறத்தில் போகிறது என்பது பாலத்தில் பஸ்ஸில் போகிறவனுக்கே தெரிந்தது. ஒரத்துப்பாளையத்தில் அந்த ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992இல் கட்டின அணை சாயத்தண்ணி தேங்கும் குட்டையாகி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டிவந்தது. தெரிந்தும் விடுவது வேண்டுமென்றே செய்வதற்கு ரொம்பத் தள்ளி இல்லை என்பது என் கட்சி. (என் காலேஜ் ஃபீஸ் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் கட்டினதுதான், அதனால் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.)

அப்புறம் அவரிடமே கேளுங்கள். "ஏன் இப்படிச் செஞ்சீங்க" என்று ஆரம்பித்தால் எதிராளி வக்கீலாகிவிடுவார். "அன்னைக்கு என்ன ஆச்சுங்க" என்று கேட்டால் பாதிப்பேர் உள்ளதைச் சொல்வார்கள். அப்படிக் கேட்காமலேயே அப்பிச்சி சொன்னார், டாக்டர் கிளம்பினதும்: "படல் கவுறு அத்து ஒரு வாரமாச்சு. வாடுன சோளம் ஆகாதுன்னும் எனக்குத் தெரியும். நாளைக்குக் கட்டிக்கலாம்னு உட்டுட்டேன்." அந்த ஒரு வாரத்தில் ஆடு வராமல் இருந்திருந்தால் அதே அறுந்த கயிற்றை யாரும் குற்றம் என்றிருக்க மாட்டார்கள், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடு மேய்த்த பையன் வேப்பமரத்தடியில் தூங்கிவிட்டதும் அப்போதுதான் வெளியே வந்தது. அப்பிச்சி ஓர் ஆட்டுக்குப் பணம் கொடுத்தார், இன்னோர் ஆடு பக்கத்துத் தோட்டத்துக் கணக்கில் போனது. மருந்து என்று சொன்னதை அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கடைசிவரை வாய்விட்டுத் திரும்ப வாங்கவில்லை. மறுநாள் காலையில் புதுக் கயிற்றோடு வந்து படலைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஊரில் இரண்டு பேர் இன்னும் மருந்துதான் என்கிறார்கள்.