செயின் பண்ணிய ஆக்‌ஷனில் பிழைச்செய்தி காணாமல் போகாமல் இருக்க

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்ஸுக்கு ஆசனம் பதிகிற தளம் ஒன்றை ஸ்ட்ரட்ஸ் 2 என்ற ஜாவா வலைச் சட்டகத்தில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்துக்கு 9 எண்களும் கடைசியில் ஓர் எழுத்தும் வேண்டும். ஒரு பயணி அந்த எழுத்தை விட்டுவிடுகிறார். வேலிடேஷன் (உள்ளீட்டுச் சரிபார்ப்பு) அதைப் பிடித்தும்விடுகிறது. ஆனால் திரும்பி வந்த பக்கத்தில் ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் அதே இலக்கத்தை மறுபடி மறுபடி அடிக்கிறார். அதற்குள் ஜன்னலோர ஆசனம் போய்விடுகிறது. இதை இப்படியே விட எனக்கு மனம் வராது.

இங்கே இரண்டு ஆக்‌ஷன்கள், அதாவது ரிக்வெஸ்டைக் கையாளும் ஜாவா கிளாஸ்கள். 'பதிவு' படிவத்தைச் சரிபார்க்கும். 'ஆசனப்படம்' காலி ஆசனங்களை எடுத்துவந்து பக்கத்தைக் காட்டும். பதிவில் பிழை வந்தால் அதன் இன்புட் ரிசல்ட் (பிழை வந்தால் அடுத்து எங்கே என்று சொல்வது), செயின் வகையில், அதாவது அதே ரிக்வெஸ்டுக்குள்ளேயே, ஆசனப்படத்துக்குப் போகிறது. செயின் இன்டர்செப்டர் (ஆக்‌ஷனுக்கு முன்னும் பின்னும் ஓடும் துணைக்கூறு) முதல் ஆக்‌ஷனின் கெட்டர் மதிப்புகளை இரண்டாவதன் அதே பெயருள்ள செட்டர்களில் போட்டுவிடும். பிழைகளை மட்டும் இயல்பாகவே விட்டுவிடும்.

முதலில், இரண்டு கிளாஸ்களும் பிழைகளை வைத்துக்கொள்ளும் ஆக்‌ஷன்சப்போர்ட் என்ற அடிப்படை கிளாஸிலிருந்து வரட்டும்.

அடுத்து, ஸ்ட்ரட்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் இரண்டு கான்ஸ்டன்ட்களுக்கு 'ட்ரூ' கொடுங்கள்: ஸ்ட்ரட்ஸ்.செயினிங்.காப்பிஎரர்ஸ், ஸ்ட்ரட்ஸ்.செயினிங்.காப்பிஃபீல்ட்எரர்ஸ். பழைய பதிப்பு என்றால் 'ஸ்ட்ரட்ஸ்' என்பதற்கு அடுத்து 'எக்ஸ்வொர்க்' என்ற சொல்லும் வரும். அடையாள அட்டைப் பிழை ஒரு புலத்துக்குரியது; ஆகவே இரண்டாவது கான்ஸ்டன்ட்தான் இங்கே வேலை செய்கிறது.

இனித்தான் பொறி இருக்கிறது. பிழை இப்போது ஆசனப்படத்துக்கு வந்துவிட்டது, சரி. ஆனால் அது டிஃபால்ட்ஸ்டாக்கில் (ஸ்ட்ரட்ஸ் இயல்பாகத் தரும் இன்டர்செப்டர் வரிசை) ஓடினால், அங்குள்ள வொர்க்ஃப்ளோ இன்டர்செப்டர் அந்தப் பிழையைப் பார்த்து, ஆக்‌ஷனின் வேலையைச் செய்யும் எக்ஸிகியூட்டை ஓடவிடாமலே 'இன்புட்' என்று திருப்பி அனுப்பும். ஆசனப்படத்துக்கு இன்புட் ரிசல்ட் இல்லையென்றால், ரிசல்ட் வரையறுக்கப்படவில்லை என்ற எக்ஸெப்ஷன் திரையில் விழும். அந்த இன்புட்டையும் செயினாக்கிப் பதிவுக்கே திருப்பினால், முடிவில்லாத சுற்று என்று ஸ்ட்ரட்ஸ் நிறுத்திவிடும். கான்ஸ்டன்ட்தான் பிழை என்று நினைத்து அதைக் கழற்றிவிடாதீர்கள். ஆசனப்படத்துக்கு 'செயின்ஸ்டாக்' என்ற ஸ்டாக்கைக் கொடுங்கள். அதில் செயின் இன்டர்செப்டர் உண்டு. வேலிடேஷனும் வொர்க்ஃப்ளோவும் கிடையாது.

அப்புறம் பக்கத்தில் ஃபீல்ட்எரர் டேக்கை, அடையாள அட்டைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். செய்தியும் உதவுகிற மாதிரி இருக்கட்டும்: "9 எண்களுக்குப் பின் வி அல்லது எக்ஸ் வேண்டும், புதிய அட்டை என்றால் 12 எண்கள்."

செயினுக்குப் பதில் ரீடைரக்ட் என்றால் அது பிரவுசர் மறுபடி அனுப்பும் புதிய ரிக்வெஸ்ட். மேலே சொன்னது எதுவும் உதவாது. 'ஸ்டோர்' இன்டர்செப்டர் வேண்டும். பதிவில் அதை 'ஸ்டோர்' முறையில், டிஃபால்ட்ஸ்டாக்குக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் வொர்க்ஃப்ளோ முந்திக்கொள்ளும். ஆசனப்படத்தில் 'ரிட்ரீவ்' முறையில் போட்டு, அடுத்து, வேலிடேஷனும் வொர்க்ஃப்ளோவும் இல்லாத பேசிக்ஸ்டாக். பிழைகள் செஷனில் (அந்தப் பயணிக்கென்று சர்வர் வைத்திருக்கும் இடம்) தங்கி, ஒருமுறை எடுத்ததும் அழிந்துவிடும்.

செயினிங்கை ஸ்ட்ரட்ஸ் ஆவணமே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. புதிதாக எழுதுவதென்றால் நானும் ரீடைரக்டைத்தான் எடுப்பேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்டோர் கொண்டுவருவது செய்திகளை மட்டுமே. பயணி அடித்த பெயரும் இலக்கமும் பெட்டியில் அப்படியே நிற்க வேண்டுமானால் அவற்றை நீங்களே செஷனில் வைத்து எடுக்க வேண்டும்.