புல்லாங்குழலும் பாலே இசையும்: முதல்முறை கேட்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மேற்கத்திய செவ்வியல் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்கு முதல்முறை போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது, நடுவில் கைதட்டாதீர்கள் என்பதுதான். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். மொசார்ட்டின் ஜி மேஜர் புல்லாங்குழல் கான்செர்ட்டோவில் (தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) மூன்று பகுதிகள். ஆலாபனை முடிந்ததுமே தட்டிப் பழகிய நம் கை முதல் பகுதியிலேயே எழும். மூன்றும் முடிந்து, ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் கையை இறக்கித் திரும்பும்வரை பொறுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஆரம்பத்தைக் கோட்டைவிடுவது. 1894-இல் அரங்கேறிய டெபுஸியின் 'ஒரு வனதேவனின் பிற்பகலுக்கு முன்னிசை' ஒற்றைப் புல்லாங்குழலோடு தொடங்குகிறது. துணைக்கு வேறு எந்த வாத்தியமும் இல்லை. முதல் சுரம் சி ஷார்ப். அதற்குக் குழலின் துளைகள் கிட்டத்தட்ட எல்லாமே திறந்திருக்க வேண்டும். நாதம் வெறுமையாக வரும், சுருதியும் எளிதில் நழுவும். அந்த நீண்ட வரியை ஒரே மூச்சில் வாசிக்கப் பலரும் முயல்வார்கள். அந்த நேரத்தில் நாம் பையைத் திறந்து போனை அணைத்துக்கொண்டிருந்தால் போனது போனதுதான்.

முன்வரிசை டிக்கெட்டுதான் சிறந்தது என்று நினைப்பதும் தவறு. கான்செர்ட்டோ வாசிப்பவர் மேடையின் முன்னால் நிற்பார். மற்ற உருப்படிகளில் குழல் வாசிப்பவர்கள் வயலின்களுக்குப் பின்னால்தான் உட்காருவார்கள், கீழே இருந்து பார்த்தால் மறைந்துவிடுவார்கள். மாடி இருக்கையிலிருந்து அவர்கள் மூச்சை இழுப்பதுகூடத் தெரியும்.

அப்புறம், ஆடுபவர்கள் இல்லாத பாலே இசை அரைகுறை என்ற நினைப்பு. டெபுஸியின் அந்த இசை ஆட்டத்துக்காக எழுதப்பட்டதே இல்லை. 1912-இல்தான் நடனக் கலைஞர் நிஜின்ஸ்கி அதற்குப் பாலே அமைத்தார். அதே ஆண்டு அரங்கேறிய ராவெலின் 'டாஃப்னிஸும் க்ளோயியும்' பாலேவுக்காகவே எழுதப்பட்டது. கச்சேரிகளில் பெரும்பாலும் அதிலிருந்து எடுத்துக் கோத்த இரண்டாவது தொகுப்பை வாசிப்பார்கள். அதற்குக் கதை தெரியாமல் போகாதீர்கள். பான் என்ற தேவன் சிரிங்ஸ் என்ற பெண்ணை விரும்பித் துரத்துகிறான், அவள் நாணலாகிவிடுகிறாள், அந்த நாணலையே வெட்டிக் குழல் செய்து ஊதுகிறான். பாலேவின் காதலர்களான டாஃப்னிஸும் க்ளோயியும் இதை நடித்துக் காட்டும் இடத்தில்தான் அந்த நீண்ட தனிப் புல்லாங்குழல் வருகிறது. தயங்கி ஏறி, சரிந்து, மறுபடி ஏறும். தெரிந்து கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மெல்லிய நாதமெல்லாம் புல்லாங்குழல் என்று எண்ணிவிடாதீர்கள். 'அன்னப் பறவை ஏரி'யின் புகழ்பெற்ற மெட்டை முதலில் பாடுவது ஓபோ என்ற சீவாளி வைத்து ஊதும் குழல். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' தொடங்குவது உச்சத்தில் ஒலிக்கும் பஸூனில், அதாவது வழக்கமாகத் தாழ்ந்த நாதம் தரும் நீண்ட குழலில்.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் முதல் நாளே சாய்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' தொகுப்பிலுள்ள நாணல்குழல் நடனத்தைப் போட்டுக் காட்டுங்கள். மூன்று புல்லாங்குழல்கள் ஒன்றாகத் துள்ளும். மறுநாள் அரங்கில் அந்த இடம் வரும்போது, "மூணு பேர் எங்கே?" என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.