வளவில் எடுத்த படத்தை வைத்து ஒட்டுண்ணி இலையானை அடையாளம் காண்பது

எங்கள் கிணற்றடித் தேசிமரத்தில் நடந்து திரிந்த கறுத்த இலையான் எந்த வகை என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன். ஒட்டுண்ணி இலையான் என்பது, தன் குஞ்சுகள் வேறு பூச்சிகளின் (பெரும்பாலும் புழுக்களின்) உடலுக்குள் இருந்து தின்று வளரும் இலையான்.

முதற்படி, நேரம். காலை ஆறரைக்கே வளவில் இறங்கிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் உங்கள் நிழல் பட்டாலே பறந்துவிடும். கைத்தொலைபேசியில் கௌவிப் பொருத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். பெரிய கமராவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைக் குறிபார்த்து முடிப்பதற்குள் பூச்சி போய்விடும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். அதன் ஒளியில் உடல் மினுங்கி, நமக்குத் தேவையான மயிர்கள் மறைந்துவிடும்.

இரண்டாவது படி, கோணம். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் நாற்பது படங்களையும் மேலிருந்தே எடுத்திருந்தேன். மேலிருந்து பார்த்தால் இறைச்சி இலையானும் ஒட்டுண்ணி இலையானும் ஏறத்தாழ ஒன்றுதான்: சாம்பல் உடல், முதுகில் கறுப்புக் கோடுகள். இறைச்சி இலையானுக்கு மூன்று கோடுகளும் வயிற்றில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களும் இருப்பது வழக்கம். ஆனால் வெளிச்சம் மாறினால் கட்டமும் மாறித் தெரியும்.

கைத்தொலைபேசியை இலையானின் உயரத்துக்கே தாழ்த்திப் பக்கவாட்டில் எடுங்கள். மார்பின் பின்முனையில் சிறு முக்கோணத் தட்டு ஒன்று இருக்கும். அதன் அடியில் கீழுதடு பிதுங்கியதுபோல் உருண்ட மேடு இன்னொன்று தெரிகிறதா? தெரிந்தால் அது பெரும்பாலும் டக்கினிடே (Tachinidae), அதாவது நாம் தேடும் ஒட்டுண்ணி இலையான்களின் குடும்பம். வீட்டு இலையானுக்கோ இறைச்சி இலையானுக்கோ அந்த மேடு திரண்டிருக்காது. சிறகு மறைத்தால் சற்றுப் பின்புறமாக நகர்ந்து மறுபடி எடுங்கள். வயிற்று நுனியில் முள்போல் விறைத்த மயிர்கள் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். சிறகு நரம்பின் வளைவை மட்டும் நம்பாதீர்கள். வீட்டு இலையானுக்கும் அது வளைந்தே இருக்கும்.

மூன்றாவது, பெயர். இந்தக் குடும்பத்தில் 8,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பல இனங்களை மயிர்களின் இடம், ஆணின் இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தே பிரிக்கிறார்கள். படத்தைக் காட்டியதும் பெயர் சொல்லும் செயலி ஒன்று எனக்கு ஓர் ஐரோப்பிய இனத்தின் பெயரைத் தந்தது; ஒரு கிழமை அதையே நம்பியிருந்தேன். உயிரினப் படங்களைப் போட்டுப் பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையத்தளத்தில் பதிவிடும்போது குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

நான்காவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது: புழுவைத் தேடுங்கள். இலையான் எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று தெரிந்தால் தேடவேண்டிய இனங்களின் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும். தேசி இலையில் இருந்த பச்சைப் புழுவைத் தொட்டேன். செம்மஞ்சள் கொம்பை நீட்டி நாற்றம் வீசியது. தலைக்குப் பின்னால், ரவையிலும் சிறிய வெள்ளை முட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அந்தப் புழுவை அகன்ற வாய்ப் போத்தலில் விட்டு, அடியில் இரண்டு விரல் மண் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டினேன். தினமும் புதிய தேசி இலை வைத்தேன். புழு கூட்டுப்புழுவானது, ஆனால் வண்ணத்துப்பூச்சி வரவில்லை. மண்ணைக் கிளறியபோது செம்பழுப்பில் சின்னஞ்சிறு பீப்பாய் போன்ற கூடு கிடைத்தது. பதினொன்றாம் நாள் இலையான் வெளிவந்தது. சிறகு விரிந்து காயும்வரை அது பறக்காது. பக்கவாட்டுப் படத்துக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

பின்சேர்க்கை: கோண்டாவில் வாசகர் ஒருவர், புழுவின்மேல் அரிசி மணிகள்போல் வெள்ளைக் கொத்து இருக்கும் படத்தை அனுப்பி, இவை இலையான் முட்டைகளா என்று கேட்டிருந்தார். இல்லை, அவை ஒட்டுண்ணிக் குளவியின் பட்டுக்கூடுகள். அவற்றிலிருந்து வருவதற்கு நான்கு சிறகுகளும் நீண்ட உணர்கொம்புகளும் இருக்கும். இலையானுக்கு இரண்டே சிறகுகள்.

இன்னொருவரின் போத்தலில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மண்ணில் தண்ணீர் ஊற்றவேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை சில துளிகள் தெளித்தால் போதும்.