கோனன் பேரேடு: யார் யாருக்கு என்ன உறவு என்று ஊகிப்பது எப்படி

ஜவுளிக்கடை ஒன்றில் 16 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் இன்னொரு கணக்கும் எழுதுகிறேன். அது 'டிடெக்டிவ் கோனன்' கணக்கு. அக்கா மகள் என் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போன நாட்களில் எனக்கு இந்தத் தொடரைப் பழக்கிவிட்டாள். ஜப்பானில் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஒளிபரப்பானால் நமக்கு மதியம் 2.30. அவள் வேலைக்குப் போய்விட்ட பிறகும் அந்த நேரத்துக்கு "சித்தி, பார்த்தீங்களா?" என்று போன் வரும்.

அயோயாமா கோஷோ இந்தக் கதையை 1994-ல் மங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாகத் தொடங்கினார், 1996-ல் அனிமே, அதாவது தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர் வந்தது. குடோ ஷினிச்சி என்ற பள்ளி மாணவத் துப்பறிவாளனைக் கறுப்பு அமைப்பு என்ற குற்றக் கும்பல் ஒரு மருந்து கொடுத்துச் சிறுவனாக்கிவிடுகிறது. அவன் எடோகாவா கோனன் என்ற பெயரில் தோழி ரான் வீட்டிலேயே தங்கித் துப்பறிகிறான். அதே மருந்தால் சிறுமியானவள் ஹைபாரா. கொலை வழக்குகள் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். யார் யாருடைய பிள்ளை, யார் மனதில் யார் என்ற கணக்குத்தான் வருடக்கணக்கில் இழுக்கும். அதை ஊகிக்க ஒரு முறை வேண்டும். என் முறையைச் சொல்கிறேன். பெரிய ரகசியங்கள் சிலவற்றை உடைத்துத்தான் சொல்ல முடியும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் இரண்டு நோட்டு எடுங்கள். ஒன்று நாள்வழி, இன்னொன்று பேரேடு. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும் நாள்வழியில், பேனாவில். எந்த எபிசோட், யார் யாரிடம் சொன்னது என்பதும் வேண்டும். அகாய் என்று ஓர் அமெரிக்க எப்பிஐ அதிகாரி, இறந்துவிட்டதாகக் கதையில் காட்டினார்கள். "அகாய் இடது கையால் சுடுகிறார்" என்பது நாள்வழி. "அகாய் சாகவில்லை" என்பது பேரேடு, அதுவும் பென்சிலில். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்தீர்கள் என்றால் ஆறு மாதம் கழித்து எது பார்த்தது, எது நாமாக நினைத்தது என்றே தெரியாது. கடையிலும் அப்படித்தான், வரவேண்டிய பணத்தை வந்த பணத்தோடு எழுதினால் கல்லாவும் கணக்கும் ஒரு நாளும் ஒத்துப்போகாது.

எது எங்கிருந்து வந்தது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். மங்காவில் இருந்து வந்த எபிசோட் வேறு, அனிமேக்காரர்களே தனியாக எழுதிய எபிசோட் வேறு. தனியாக எழுதியதில் ஹைபாரா ஒரு பார்வை பார்த்தாள் என்பதற்காகக் காதல் கணக்கில் வரவு வைக்காதீர்கள். திரைப்படங்களையும் நான் வெகுநாள் சேர்க்காமல்தான் இருந்தேன். 2024 ஏப்ரலில் அதை மாற்ற வேண்டி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது பெயர். இங்கேதான் சப்டைட்டிலை நம்பிப் பார்க்கிற நமக்கு நிறைய நஷ்டம். அகாய் ஷூய்ச்சி, ஹனேடா ஷூகிச்சி, செரா மசுமி: ஒருவர் எப்பிஐ, ஒருவர் ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்க ஆட்டக்காரர், ஒருத்தி பள்ளி மாணவி. மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். மூவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஷூகிச்சி ஹனேடா வீட்டுக்குத் தத்துப் போனவர், மசுமி வைத்திருப்பது அம்மா மேரியின் குடும்பப் பெயர். ஜப்பானில் தத்துப் போனால் குடும்பப் பெயரும் மாறிவிடும் என்பதால் குடும்பப் பெயரை வைத்து உறவு இல்லை என்று முடிவு கட்டவே கூடாது. ஆனால் ஷூய்ச்சி, ஷூகிச்சி என்ற பெயர்களை ஜப்பானிய எழுத்தில் பாருங்கள், இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றுதான். அண்ணன் தம்பிக்கு ஓரெழுத்தைப் பொதுவாக வைப்பது அங்கே வழக்கம். புதுப் பாத்திரம் வந்தால் பெயரின் எழுத்து வடிவத்தைத் தேடிப் படமாக ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழி தெரிய வேண்டாம், உருவம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

பெயரில் இன்னொரு விளையாட்டும் உண்டு. கறுப்பு அமைப்பின் இரண்டாம் தலைவன் ரம் யார் என்று மூன்று பேர்மேல் சந்தேகம் இருந்தது. அதில் வகாசா ரூமி என்ற ஆசிரியையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 'RUM' ஒளிந்திருக்கிறது. அவ்வளவு பளிச்சென்று இருந்ததால்தான் நான் அதை நம்பவில்லை. சுஷிக் கடைக்காரர் வகித்தா கனேநோரியின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதிக் கலைத்துப் போட்டால் 'தோகி வா கனே நாரி' என்று வரும். நேரம் பொன் போன்றது என்ற ஜப்பானியப் பழமொழி. ரம் அடிக்கடி சொல்வதும் அதுதான். கடைசியில் அவர்தான் ரம்.

காதல் கணக்குக்கு முகத்தைவிடக் காது முக்கியம். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். சப்டைட்டிலில் எல்லாம் வெறும் பெயராகிவிடும். கோனன் உருவத்தில் இருக்கும்போது ஷினிச்சி அவளை 'ரான் நேச்சான்' என்பான், நம் வாய்க்கு ரான் அக்கா. அவள் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த அக்கா போய் வெறும் "ரான்!" வந்துவிடும். ஹைபாரா மற்றவர்கள் முன்னால் 'எடோகாவா குன்' என்கிறாள், தனியாக இருக்கும்போது 'குடோ குன்'. இரண்டும் குடும்பப் பெயர்கள், 'குன்' என்பது பையன்கள் பெயரோடு சேர்க்கும் ஒட்டு. எவ்வளவு நெருங்கினாலும் 'ஷினிச்சி' என்று அவள் சொல்வதில்லை. அந்த ஒரு சொல்லை அவள் தாண்டாமல் நிற்பதை நான் வருடக்கணக்காகக் கவனித்து வருகிறேன். எனக்கு ஹைபாராதான் உயிர். ஆனாலும் ரான் பக்கத்துக் கணக்கில்தான் வரவு கூடுகிறது என்பதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். லண்டனில் பிக் பென் அருகே அவன் மனதைச் சொன்னது அனிமேயில் 2011-ல் வந்தது. கியோத்தோவின் கியோமிசு கோயிலில் அவள் அவன் கன்னத்தில் முத்தமிட்டுப் பதில் சொன்னது 2019 ஜனவரியில். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நமக்கு ஏழரை வருடம். கதைக்குள் ரான் இன்னும் அதே பள்ளி வகுப்பில்தான் இருக்கிறாள். ஆகவே "இத்தனை நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை, அப்படியென்றால் காதல் இல்லை" என்று எழுதாதீர்கள். நம் நாட்காட்டி வேறு, அவர்கள் நாட்காட்டி வேறு.

சின்ன வயதுச் சந்திப்பும் கையில் இருக்கிற ஒரு பொருளும் வந்தால் அந்த எபிசோடை இரண்டு முறை பாருங்கள். போலீஸ் அதிகாரி ஷிராதோரிக்குச் சிறுவயதில் ஒரு பெண் உறிஞ்சுகுழலின் காகித உறையில் செர்ரிப்பூ செய்து கொடுத்தாள். அவள்தான் தன்னோடு வேலை செய்யும் அதிகாரி சாத்தோ என்று நினைத்து அவளையே சுற்றிச் சுற்றி வருகிறார். அந்தப் பெண் சாத்தோ இல்லை, கோனனின் வகுப்பு ஆசிரியை கோபயாஷி. நினைவு உண்மை, ஆள்தான் தவறு. அதற்குப் பிறகு யாராவது பழைய நினைவு சொன்னால் என்ன நடந்தது என்பதை ஒரு வரியிலும், அது இன்னார்தான் என்று அவர் நம்புவதை வேறொரு வரியிலும் எழுதுகிறேன்.

இப்போது குடும்ப மரம். இதில்தான் நான் பெரிய தவறு செய்தேன்.

ஹைபாராவின் உண்மைப் பெயர் மியானோ ஷிஹோ. அம்மா எலெனா, இங்கிலாந்து வழி. செராவின் அம்மா மேரியும் இங்கிலாந்துக்காரி. மேரிக்கும் எலெனாவுக்கும் முகச்சாயல் இருக்கிறது, செரா வேறு ஹைபாராவின் பக்கமே வந்து வந்து நிற்கிறாள். மேரியும் எலெனாவும் அக்கா தங்கை என்று பேரேட்டில் பென்சிலில் எழுதினேன். உறவுமுறையை நம் சொற்களால் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. 'கசின்' என்றால் நான்கு வகை உறவு ஒன்றாகக் கலந்துவிடும், ஜப்பானியரின் 'இத்தோக்கோ'வும் அப்படித்தான். நாம் பெரியம்மா மகன், சித்தி மகள், மாமன் மகன், அத்தை மகள் என்று எழுதினாலே நடுவில் யார் வழி என்பது வந்துவிடும், எந்தப் பெட்டி காலி என்பதும் தெரியும். அப்படி எழுதியபோது அகாய் ஷூய்ச்சி ஷிஹோவுக்குப் பெரியம்மா மகன், அண்ணன் ஆனார். ஷிஹோவின் அக்கா அகேமிக்கும் அண்ணன்தான்.

அங்கே நின்றுவிட்டேன். அமைப்புக்குள் நுழைய மொரோபோஷி தாய் என்ற பொய்ப் பெயரில் அகாய் பழகியது இந்த அகேமியோடுதான். நடிப்பாகத் தொடங்கியது அவள் பக்கம் உண்மைக் காதலாகிவிட்டது. அமைப்பைவிட்டு வந்துவிட்டால் என்னை உண்மையான காதலியாக ஏற்பாயா என்று அவள் அனுப்பிய செய்தியை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். பெரியம்மா மகனும் சித்தி மகளும் காதலர்களா? எந்த எழுத்தாளர் அப்படி எழுதுவார்? இது முறையில்லையே என்று மொத்த ஊகத்தையும் ரப்பரால் அழித்துவிட்டேன்.

பிறகு கதையே சொல்லிவிட்டது, மேரியும் எலெனாவும் உடன்பிறந்தவர்கள்தான். அக்கா மகள் போனில் சொன்னாள்: "சித்தி, ஜப்பான் சட்டப்படி மூன்றாம் படி உறவுவரைதான் தடை. பெரியம்மா பிள்ளை சித்தி பிள்ளை நான்காம் படி. அவங்களுக்கு அது தடையே இல்லை." என் சான்றுகள் எல்லாம் சரியாக இருந்தும், நம் வீட்டு முறையை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டு வாசலில் வைத்ததால் வந்த தவறு இது. ஆகவே மரத்தை நம் உறவுச் சொற்களால் வரையுங்கள். வரைந்து முடித்ததும் கட்டும் முறை, கட்டாத முறை என்ற நினைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். ஓர் ஊகத்தை அடிக்கும் முன், அதை அடிக்கிற காரணம் கதைக்குள் இருக்கிறதா, உங்கள் மனதுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, திரைப்படத்துக்கு வருகிறேன். திருடன் கிட், அதாவது குரோபா கைட்டோ, ஷினிச்சியைப் போலவே இருப்பான். முகமூடி இல்லாமலே ஷினிச்சியாக நடமாடுவான். இருவருக்கும் குரல் கொடுப்பவரும் ஒருவரே, யமாகுச்சி கப்பேய். கைட்டோவின் கதையை அயோயாமா 1987-லேயே தொடங்கிவிட்டார், கோனனுக்கும் முன்பு. இவர்கள் உறவினர்கள் என்று எத்தனையோ பேர் சொல்லிவந்தார்கள். நான் ஏற்கவில்லை. அயோயாமா கதாநாயகர்களுக்கு எல்லாம் ஒரே முகம்தான் வரைவார். அவருடைய இன்னொரு கதையில் வருகிற ஒக்கித்தா சோஷிக்கும் அதே முகம், ரானுக்கும் கைட்டோவின் தோழி அயோக்கோவுக்கும்கூட ஒரே சாயல். முகம் சான்றானால் பாதி ஜப்பானும் சொந்தக்காரர்கள்.

2024 ஏப்ரல் 12 அன்று ஜப்பானில் வெளியான 27-ஆம் திரைப்படம், ஷினிச்சியின் அப்பா யூசாகுவும் கைட்டோவின் அப்பா தோய்ச்சியும் இரட்டையர் என்று சொன்னது. அப்படியென்றால் பையன்கள் பங்காளிகள். குடும்பச் சங்கதியை அயோயாமா திரைப்படத்தில் வைத்து உடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதனால்தான் திரைப்படங்களுக்கும் பேரேட்டில் பக்கம் ஒதுக்கினேன். அன்று இரவு நாள்வழியைப் பின்னோக்கிப் புரட்டினேன். திருடனின் எண் 1412-ஐ ஆங்கிலத்தில் 'KID' (கிட்) என்று படித்துப் பெயர் வைத்தவர் யூசாகு. யூசாகுவின் மனைவி யுகிக்கோ மாறுவேடம் கற்றது தோய்ச்சியிடம். இரண்டையும் என் கைப்படப் பேனாவில் எழுதியிருக்கிறேன். முகத்தை மறுத்த வேகத்தில், முகத்தோடு சம்பந்தமே இல்லாத இந்த இரண்டையும் பார்க்காமல் விட்டுவிட்டேன். முகம் இன்றும் சான்று இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் ஓர் ஊகத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் சொத்தை என்பதற்காக ஊகத்தையே அடிக்கக் கூடாது, வேறு காரணம் உண்டா என்று நாமே நாள்வழியில் தேட வேண்டும்.

இன்னொரு வழக்கமும் வேண்டும். ஒவ்வொரு ஊகத்துக்குக் கீழேயும் "எது நடந்தால் இதை அழிப்பேன்" என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஷினிச்சி வீட்டில் வந்து தங்கும் ஒக்கியா சுபாரு என்ற மாணவர்தான் அகாய் என்ற பக்கத்தில் "இருவரும் ஒரே காட்சியில் நேருக்கு நேர் பேசினால் அழிப்பேன்" என்று எழுதியிருந்தேன். அகாய் இறந்ததாகக் காட்டியது அனிமேயில் 2008, சுபாருவின் முகமூடி கழன்றது 2015. பழைய எபிசோடுகளை வரிசையாகப் பார்த்து வந்தபோது அந்த இடைவெளி முழுக்க அக்கா மகளும் நானும் எத்தனை முறை சண்டை போட்டிருப்போம், அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது. அவள் "இடது கை" என்பாள், நான் "இடது கைக்காரர் இவர் ஒருவர்தானா" என்பேன், கடைசியில் இருவரும் அந்த வரியைப் பார்த்துவிட்டு அடுத்த எபிசோடைப் போடுவோம்.

இப்போது திறந்திருக்கிற பக்கம் அகாயின் அப்பா சுத்தோமு. ஷூகிச்சி தத்துப் போன ஹனேடா வீட்டுப் பிள்ளை கோஜியின் கொலையைத் துப்பறியப் போய்க் காணாமல் போனவர். மசுமி அவரைப் பார்த்ததே இல்லை. அவர் சடலத்தையும் நமக்குக் காட்டவில்லை. எதிர்ப் பக்கத்தில், லண்டனில் மேரியை ஏமாற்றக் கறுப்பு அமைப்பின் மாறுவேடக்காரி வெர்மூத் போட்டுவந்தது அவர் முகத்தைத்தான், உயிரோடு இருப்பவரின் முகத்தோடு அவ்வளவு துணிச்சலாக வருவாளா என்று பேனாவில் எழுதியிருக்கிறேன். அதற்கு நேரே பென்சிலில்: "சுத்தோமு உயிரோடு இருக்கிறார். அவர் இறந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் வந்து சொன்னால் அழிப்பேன்." அக்கா மகள் போன மாதம் வந்தபோது அதன் கீழே "சித்தி, நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதித் தேதி போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அவளும் பென்சிலில்தான்.