இங்கிலீஷ் வாக்கியத்தை பிரிச்சு பார்க்கிறது எப்படி? வெர்ப்ல ஆரம்பிச்சு படிப்படியா

இங்கிலீஷ் கிராமர்னாலே நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ்னு வரிசையா மனப்பாடம் பண்ணின அந்த எட்டு பேர்தான். ஒவ்வொண்ணுக்கும் டெஃபனிஷன் கேட்டா தெரியும், ஆனா ஒரு வாக்கியத்தை எழுதி இதுல வெர்ப் எதுன்னு கேட்டா தடுமாறுவாங்க. படிச்சவங்க மேல தப்பு சொல்ல முடியாது, தனித்தனி சொல்லுக்கு பேர் வைக்கிறதுல இருந்து ஆரம்பிச்சா யாருக்குமே அப்படித்தான் ஆகும். வாக்கியத்துல எது எங்க நிக்குதுன்னு பார்க்க கத்துக்கிட்டா அந்த பேரெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். பேப்பரும் பேனாவும் எடுத்து வச்சுக்கிட்டு படிங்க, ஒவ்வொரு படியிலயும் ஒரு வாக்கியம் நீங்களே எழுதி பாருங்க.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது: இடம்

"மீனா ரவியை கூப்பிட்டா." இதை "ரவியை மீனா கூப்பிட்டா"ன்னு மாத்துங்க, கூப்பிட்டது மீனாதான். எப்படி கலைச்சு போட்டாலும் அர்த்தம் கெடாது, ஏன்னா ரவி கூட ஒட்டியிருக்கிற "ஐ" ங்கிற வேற்றுமை உருபு அவரை அடையாளம் காட்டிடுது. இப்போ இங்கிலீஷ்ல "மீனா கால்டு ரவி". ரெண்டு பேரையும் இடம் மாத்தினா "ரவி கால்டு மீனா", கூப்பிட்டவரே மாறிட்டாரு.

இத்தனைக்கும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த பழைய இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லுக்கு நம்ம மொழி மாதிரியே வேற்றுமை விகுதிகள் இருந்துச்சு. அது கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு போயி, அந்த வேலையை சொல்வரிசை எடுத்துக்கிச்சு. ஹி-ஹிம், ஷி-ஹெர், ஐ-மீ மாதிரி ப்ரோநவுன்கள்லயும், "மீனாஸ் புக்"ல வர்ற அந்த "ஸ்"லயும்தான் பழைய விகுதி இன்னும் மிச்சம் இருக்கு. அதனால இங்கிலீஷ்ல வரிசை தப்பினா அர்த்தமே தப்பிடும்.

தமிழ்ல வழக்கமான வரிசை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. இங்கிலீஷ்ல சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட். நமக்கு கடைசியில வர்ற வினை அவங்களுக்கு நடுவுல வருது, இந்த ஒரு வித்தியாசத்தை கை பழகுற வரைக்கும் எழுதி எழுதி பாருங்க.

படி 1: வெர்பை கண்டுபிடிங்க

எந்த வாக்கியமா இருந்தாலும் முதல்ல தேட வேண்டியது வெர்ப். "செயலை குறிக்கும் சொல்"ங்கிற டெஃபனிஷன் இதுக்கு பத்தாது, "மீட்டிங்", "டான்ஸ்" எல்லாம் கூட செயல்தான், ஆனா பல இடத்துல நவுனா நிக்கும். இதைவிட நல்ல சோதனை ஒண்ணு இருக்கு: காலத்தை மாத்தி பாருங்க. "ஷி ரைட்ஸ் எ லெட்டர்." இதே விஷயம் நேத்து நடந்ததா சொன்னா "ஷி ரோட் எ லெட்டர்". எந்த சொல் மாறுச்சு? ரைட்ஸ், ரோட் ஆயிடுச்சு, அதுதான் வெர்ப். லெட்டர் அசையவே இல்ல.

கட், புட், ஹிட் மாதிரி சில சொல் மட்டும் இறந்தகாலத்துலயும் அப்படியே நிக்கும், அதுக்கு "ஷி கட்ஸ்"னு கடைசியில "ஸ்" சேருதான்னு பார்த்தா போதும்.

ஒரே சொல் இடத்தை பொறுத்து வேலை மாத்திக்கும். "ஐ டிரிங்க் வாட்டர்"ல வாட்டர் நவுன். "ஐ வாட்டர் தி பிளாண்ட்ஸ்"ல அதே வாட்டர் வெர்ப், தண்ணி ஊத்துறேன்னு அர்த்தம். அதனால "வாட்டர் நவுனா வெர்பா"ன்னு தனியா கேட்டா பதில் கிடையாது, எந்த வாக்கியத்துலன்னு கேட்கணும்.

படி 2: சப்ஜெக்ட்

வெர்ப் கிடைச்சதும் அதுக்கு முன்னாடி யாரு, எதுன்னு கேளுங்க. எழுதினது யாரு? ஷி. சப்ஜெக்ட் கிடைச்சிடுச்சு.

இங்க ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. தமிழ்ல "வந்தேன்"னு ஒரே சொல்லை சொன்னாலே போதும், அந்த "ஏன்" விகுதியே நான்தான்னு சொல்லிடும். வந்தா, வந்தான், வந்தாங்க எல்லாத்துலயும் ஆள் உள்ளயே இருக்காங்க. இங்கிலீஷ்ல வெறும் "கேம்"னா வந்தது யாருன்னே தெரியாது, ஐ, யூ, ஹி, தே எல்லாத்துக்கும் ஒரே "கேம்"தான். அதனால சாதாரண வாக்கியத்துல சப்ஜெக்டை விட முடியாது. எவ்வளவு தூரம்னா, யாருமே செய்யாத வேலைக்கு கூட ஒரு சப்ஜெக்ட் வேணும்: மழை பெய்யுதுன்னு சொல்ல "இட் இஸ் ரெய்னிங்". அந்த "இட்" எதையும் குறிக்கல, சப்ஜெக்ட் இடம் காலியா இருக்க கூடாதுன்னு போட்டது.

சப்ஜெக்ட்னா ஒரே சொல்லா இருக்கணும்னு இல்ல. "தி பாக்ஸ் ஆஃப் புக்ஸ் இஸ் ஹெவி." இதுல "தி பாக்ஸ் ஆஃப் புக்ஸ்" முழுசும் சப்ஜெக்ட், அதுக்குள்ள தலைமைச் சொல் பாக்ஸ். கனமா இருக்கிறது ஒரு பெட்டி, அதனால "இஸ்". பக்கத்துல புக்ஸ்னு பன்மை இருக்கிறதை பார்த்து நிறைய பேர் "ஆர்"னு போட்டுடுவாங்க, தலைமைச் சொல் எதுன்னு ஒரு நொடி நின்னு பார்த்தா இந்த தப்பு வராது.

படி 3: ஆப்ஜெக்ட்

இப்போ வெர்புக்கு அந்தப் பக்கம் போயி எதை, யாரைன்னு கேளுங்க. எதை எழுதினா? லெட்டரை. அதுதான் ஆப்ஜெக்ட். "ஷி ஸ்லீப்ஸ்"ல எதை தூங்குறான்னு கேட்க முடியாது, அங்க ஆப்ஜெக்ட் கிடையாது. ஆப்ஜெக்ட் ஏத்துக்கிறது டிரான்சிட்டிவ் வெர்ப், ஏத்துக்காதது இன்டிரான்சிட்டிவ், தமிழ் இலக்கணத்துல செயப்படுபொருள் குன்றிய வினைன்னு படிச்சதேதான்.

ஆனா இந்த எதை-யாரை சோதனை எல்லா இடத்துலயும் அப்படியே செல்லாது. பாட்டை கேட்டேன்னு நாம சொல்றோம், இங்கிலீஷ்ல "ஐ லிஸன்ட் டு தி சாங்", நடுவுல "டு" வந்தே ஆகணும். தலைகீழாவும் நடக்கும்: பிளானை பத்தி பேசினோம்னு சொல்றதை மனசுல வச்சு "டிஸ்கஸ்டு அபவுட் தி பிளான்"னு எழுதுவாங்க, டிஸ்கஸ் நேரடியா ஆப்ஜெக்ட் எடுக்கும், "வி டிஸ்கஸ்டு தி பிளான்" போதும். இதுக்கு குறுக்கு வழி இல்ல, புது வெர்ப் கத்துக்கிறப்ப அதை தனியா எழுதாம பின்னாடி என்ன வருதோ அதோட சேர்த்து ஒரு வாக்கியமா நோட்டுல எழுதுங்க.

கொடுக்கிற மாதிரி வினைகளுக்கு ரெண்டு ஆப்ஜெக்ட் வரும். "ஐ கேவ் ஹிம் எ புக்." யாருக்கு? ஹிம், இது இன்டைரக்ட் ஆப்ஜெக்ட். எதை? புக், டைரக்ட்.

படி 4: தமிழ்ல கண்ணுக்கு தெரியாத வெர்ப்

"அவங்க டாக்டர்." தமிழ்ல இது முழு வாக்கியம், வினையே இல்ல. இங்கிலீஷ்ல வினை இல்லாம விட முடியாது, "ஷி இஸ் எ டாக்டர்". ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், இதெல்லாம் ஒரே "பி" வெர்போட வடிவங்கள். நாம மனசுல தமிழ்ல யோசிச்சு எழுதுறப்ப அதிகமா விட்டுப்போறது இந்த சின்ன சொல்தான்.

இதுக்கு அப்புறம் வர்ற டாக்டர் ஆப்ஜெக்ட் கிடையாது, யாரையும் எதுவும் செய்யல. அவங்களும் டாக்டரும் ஒரே ஆள். இப்படி சப்ஜெக்டை பத்தியே சொல்ற பகுதிக்கு காம்ப்ளிமென்ட்னு பேரு. "ஷி இஸ் டயர்டு"லயும் டயர்டு காம்ப்ளிமென்ட்தான்.

படி 5: "எனக்கு"ன்னு ஆரம்பிக்கிற வாக்கியங்கள்

இதை பொறுமையா படிங்க, தமிழ் பேசுறவங்களுக்கு அதிகமா குழப்பம் வர்ற இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன். எனக்கு பசிக்குது, எனக்கு தெரியும், எனக்கு பிடிக்கும், எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, எனக்கு ரெண்டு நாள் வேணும். தமிழ்ல உணர்ச்சி, அறிவு, உறவு, தேவை எல்லாம் ஒருத்தருக்கு வந்து சேர்ற மாதிரி நான்காம் வேற்றுமையில சொல்றோம். இங்கிலீஷ்ல அந்த ஆளை நேரா சப்ஜெக்ட் இடத்துல உட்கார வச்சிடுவாங்க: "ஐ ஆம் ஹங்க்ரி", "ஐ நோ", "ஐ லைக் இட்", "ஐ ஹேவ் எ சிஸ்டர்", "ஐ நீட் டூ டேஸ்".

கவனிச்சீங்களா, தமிழ்ல தங்கச்சிதான் எழுவாய், அதனாலதான் "இருக்கா"ன்னு முடியுது. இங்கிலீஷ்ல சிஸ்டர் ஆப்ஜெக்ட் ஆயிட்டா, சப்ஜெக்ட் நான். அதனால மனசுல "எனக்கு"ன்னு வந்தா உடனே "டு மீ"ன்னு எழுத போகாம, முதல்ல "ஐ"ன்னு எழுதிட்டு அடுத்து என்ன வெர்ப்னு யோசிங்க. முக்கால்வாசி நேரம் சரியா வரும்.

படி 6: மிச்ச சொற்கள்

அட்ஜெக்டிவ் நவுனை விவரிக்கும், தமிழ் மாதிரியே முன்னாடி நிக்கும்: பெரிய வீடு, "பிக் ஹவுஸ்". அட்வெர்ப் வெர்பை விவரிக்கும், "ஷி ஸ்பீக்ஸ் ஸ்லோலி". "லி"ன்னு முடிஞ்சா அட்வெர்ப்னு நம்பிடாதீங்க, ஃப்ரெண்ட்லி அட்ஜெக்டிவ், ஃபாஸ்ட் "லி" இல்லாமலே அட்வெர்பா வரும். ப்ரிப்பொசிஷன் நம்ம வேற்றுமை உருபு செய்ற வேலையை செய்யும், ஆனா இடம் தலைகீழ்: மேசை மேல, "ஆன் தி டேபிள்". நமக்கு பின்னாடி வர்றது அவங்களுக்கு முன்னாடி. எ, அன், தி ங்கிற ஆர்ட்டிகிளுக்கு தனியா ஒரு பாடம் வேணும், இப்போதைக்கு புதுசா ஒண்ணை சொன்னா "எ", ரெண்டு பேருக்கும் ஏற்கனவே தெரிஞ்சதுன்னா "தி"ன்னு வச்சுக்கோங்க.

படி 7: இல்லன்னு சொல்றதும் கேள்வி கேட்கிறதும்

"ஷி ரைட்ஸ்." இதை மறுக்க "நாட்"டை மட்டும் சொருக முடியாது, துணைக்கு ஒரு ஹெல்பிங் வெர்ப் வரணும்: "ஷி டஸ் நாட் ரைட்". ரைட்ஸ்ல இருந்த "ஸ்" எங்க போச்சுன்னு பாருங்க, டஸ் கிட்ட போயிடுச்சு. இறந்தகாலத்துலயும் இதே கதை, "ஷி டிட் நாட் ரைட்". காலத்தை டிட் எடுத்துக்கிட்டதால பின்னாடி வர்ற வெர்ப் அடிப்படை வடிவத்துக்கு திரும்பிடும். "டிட் நாட் வென்ட்" தப்பாகுறது இதனாலதான், காலம் ரெண்டு தடவை வந்துடுது.

கேள்விக்கு அந்த ஹெல்பிங் வெர்பை சப்ஜெக்டுக்கு முன்னாடி கொண்டு வாங்க: "டஸ் ஷி ரைட்?" இஸ், கேன், வில் எல்லாம் ஏற்கனவே இருந்தா புதுசா டஸ், டிட் எதுவும் வேண்டாம், அதையே முன்னாடி நகர்த்துங்க, "இஸ் ஷி எ டாக்டர்?" ஆனா கேள்வியே சப்ஜெக்டை பத்தினதுன்னா எதுவும் நகராது. "ஹூ கால்டு யூ?" உன்னை கூப்பிட்டது யாரு, இதுல ஹூ தான் சப்ஜெக்ட். "ஹூ டிட் யூ கால்?" நீ யாரை கூப்பிட்ட, இதுல சப்ஜெக்ட் யூ, அதனால டிட் வந்துச்சு.

படி 8: நீளமான வாக்கியத்தை பிரிக்கிறது

"நேத்து நான் பார்த்த பொண்ணு"ன்னு நாம விவரத்தை எல்லாம் முன்னாடி அடுக்கிட்டு கடைசியில பொண்ணுன்னு சொல்றோம். இங்கிலீஷ்ல பொண்ணு முதல்ல, விவரம் பின்னாடி: "தி கேர்ள் ஐ சா எஸ்டர்டே". இப்படி பின்னாடி வர்ற துண்டுக்கு ரிலேட்டிவ் கிளாஸ்னு பேரு, பெயரெச்சத் தொடரோட வேலைதான். இந்த துண்டு சப்ஜெக்டுக்கும் வெர்புக்கும் நடுவுல புகுந்துக்கிறதாலதான் நீள வாக்கியம் படிக்க கஷ்டமா இருக்கு.

இதை எடுத்துக்கோங்க: "தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ சாட் நியர் தி விண்டோ டிட் நாட் ஹியர் தி பெல்." வெர்ப் தேடினா ரெண்டு கிடைக்கும், சாட், டிட் நாட் ஹியர். ஹூ ல இருந்து விண்டோ வரைக்கும் எந்த ஸ்டூடன்ட்ஸ்னு சொல்ற துண்டு, அதை பென்சிலால அடைப்புக்குள்ள போட்டுடுங்க. மிச்சம் "தி ஸ்டூடன்ட்ஸ் டிட் நாட் ஹியர் தி பெல்". சப்ஜெக்ட் ஸ்டூடன்ட்ஸ், வெர்ப் டிட் நாட் ஹியர், ஆப்ஜெக்ட் பெல். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு மணி கேட்கல. தமிழ்ல இது திரும்பவும் "மாணவர்களுக்கு"ன்னு அஞ்சாம் படிக்கே வந்து நிக்குது பாருங்க.

இப்போ நீங்களா பிரிக்க ஒண்ணு: "தி புக் தட் மை ஃப்ரெண்ட் பாட் இஸ் ஆன் தி டேபிள்." அடைப்புக்குள்ள போக வேண்டியது "தட்"ல ஆரம்பிச்சு "பாட்"ல முடியுது. மிச்சத்துல வெர்ப் "இஸ்", அதுக்கு அப்புறம் வர்றது ஆப்ஜெக்டா இல்லையான்னு நாலாம் படியை திரும்ப பார்த்து எழுதுங்க.