ஆப் கேட்டார்கள், கவரை மாற்றினோம்

வயதானவர்கள் மாத்திரையை வேளை மாற்றிப் போடுகிறார்கள், நினைவுபடுத்த ஒரு ஆப் செய்து தாருங்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். நான் முதலில் கடை ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன், வருகிறவர்களைக் கவனிக்க.

மறதி பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அட்டையில் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் பாதியோடு போய்விடுகிறது. கவரில் கிறுக்கிய '1-0-1' (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) பலருக்குப் புரிவதில்லை. "தம்பி, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று ஒரு பாட்டி வீடுவரை போய்த் திரும்பி வந்து கேட்டார்.

பிரிட்டனின் டிசைன் கவுன்சில் பரப்பிய 'டபுள் டைமண்ட்' என்ற வடிவமைப்பு முறையில் வேலை இரண்டு வைர வடிவக் கட்டங்களாகப் போகும். முதல் வைரம் இதற்குத்தான்: எது பிரச்சினை என்று அகலமாகத் தேடி, பிறகு ஒன்றாகக் குறுக்குவது. தீர்வெல்லாம் இரண்டாவது வைரத்தில். அவசரக்காரர்கள் நேராக அங்கேதான் குதிப்பார்கள்.

கவர்களில் கையாலேயே படம் வரைந்தோம். உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், நிலா. இரண்டு சூரியனும் ஆளாளுக்குக் குழம்பியது. காலைக்குக் காபி டம்ளர் போட்டதும் சரியானது. சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறும் இலை, பின் என்றால் மடித்த இலை. இதை யாருக்கும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பெரிய ஆய்வெல்லாம் இல்லை. 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியது இங்கே கைகொடுத்தது.

இப்போது எல்லாம் ரப்பர் ஸ்டாம்ப். அரை மாத்திரைக்கு மட்டும் இன்னும் பேனாவில் பாதி வட்டம் போடுகிறார்கள். அதற்கும் ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறோம்.